நண்பகல் நிழல் தெற்கே விழும் ஊரில்

சென்ற மாதம் திருவாரூரில் இளம் வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், தொழிற்சங்க ஊழியர்கள் ஆகியோருக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினோம். சமூக ஊடகங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் எவரும் பார்க்கும்படி கிடக்கும் தகவல்களைக் கொண்டு மனித உரிமை மீறல்களைப் புலனாய்வு செய்வது எப்படி என்பதே பொருள். வந்தவர்களில் பலர் புதிதாக நான்கு மென்பொருள்களைக் கற்றுக்கொண்டு போகலாம் என்றே வந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் கருவிகளின் கண்காட்சியாகவே நடக்கின்றன. கருவிகளுக்கு அரை நாள் போதும், மீதி நேரம் முழுவதும் கிடைத்ததைக் கெடாமல் காப்பதற்கும், மண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்ததைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதுவதற்கும் போக வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கருத்து எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன், செங்கல் சூளை ஒன்றில் முன்பணத்துக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு குடும்பத்தின் வழக்கில், மேஸ்திரி அடிப்பதைக் காட்டும் காணொளி ஒன்று நான்கைந்து கை மாறி என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. எடுத்த பையனைத் தேடுவதற்கு முன்பே அதை மூன்று செய்தியாளர்களுக்கு அனுப்பிவிட்டேன். பையனைக் கண்டுபிடித்தபோது அவன் அந்தப் போனை விற்றிருந்தான். வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி அனுப்புவதால், எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவல்கள் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். "இது எந்த ஊர்ச் சூளை?" என்று எதிர்த்தரப்பு கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க உரிய சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவம், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே ஆளுக்கொரு கோப்புக்கு ஹாஷ் எடுத்து, தேதியோடு நோட்டில் எழுத வைத்தோம்.

கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படுவதைக் காட்டி, 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய இலங்கைக் காணொளியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அது போலி என்று இலங்கை அரசு சொன்னது. உடற்கூறு, துப்பாக்கி, காணொளி ஆகிய துறைகளின் வல்லுநர்கள் தனித்தனியே ஆராய்ந்த பிறகு, அது உண்மையானது என்பதற்கே சான்றுகள் வலுவாக இருப்பதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியில் தெரிவித்தார். நம் கொதிப்பு செய்யாததை அந்த நிதானமான ஆய்வு செய்தது.

பயிற்சிக்காக, நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றங்கரையில் நானே எடுத்த 40 நொடிக் காணொளியைக் கொடுத்து, இடத்தையும் காலத்தையும் கேட்டோம். டெல்டாவில் இது எளிதன்று. திருவையாற்றிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை வயலும் வாய்க்காலும் தென்னையும் ஒரே சாயல்தான். இளைஞர் ஒருவர், நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று வெளிநாட்டுக் கையேட்டில் படித்ததை நம்பி, படத்தின் திசையையே திருப்பிப் போட்டு, ஒரு மணி நேரம் எதிர்க்கரையில் தேடிக்கொண்டிருந்தார். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நம் ஊரில் உச்சிவெயில் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும்.

பின்வரிசையில் இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கப் பெரியவர் மட்டும், "இது புதுத்தண்ணி தம்பி. கலங்கலா இருக்கு, கரையில சருகு ஒதுங்கியிருக்கு. அங்க குறுவை நாத்துப் பறிக்கிறாங்க" என்றார். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். நான் எடுத்தது ஜூன் கடைசி வாரம். ஆனால் வழக்கமான தேதி சான்றாகாது. அவர் கண்டதை நான்கு வரியில் எழுதி வாங்கி, அந்த ஆண்டின் அணைத் திறப்பு அறிவிப்போடும், ஐந்து நாளுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிட்டோம். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இத்தகைய புலனாய்வுக்கென்றே சேர்ந்து வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும், என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று ஒவ்வொரு படியையும் பதிவு செய்யவே சொல்கிறது.

கடைசி விவாதம் அந்தக் காணொளியில், மேல்நிலைத் தொட்டியில் தெரிந்த ஊராட்சிப் பெயரைப் பற்றியது. இடத்தை மெய்ப்பிக்க அந்தப் பெயர் வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவர் தெரியும் காணொளியில் அதை வெளியிட்டால், எந்தத் தெரு, எந்தச் சாதி, யார் வீட்டுப் பெண் என்பது அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மூலக்கோப்பைத் தொடாமல் பூட்டி வைத்து, வெளியிடும் நகலில் மட்டும் பெயரை மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மறைத்ததையே எதிர்த்தரப்பு திருத்தம் என்று சொல்லாதா என்று இன்னொருவர் கேட்டார். இதற்கு நான் ஒதுக்கியிருந்தது இருபது நிமிடம். அடுத்த முறை ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்கப்போகிறேன்.