நைட்ரேட் பிரிவு கட்டினால் மட்டும் தீராது

குடிநீரில் கலக்கும் நைட்ரேட் பற்றிய இந்தக் கட்டுரையில், பழைய சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒரு நைட்ரேட் அகற்றும் பிரிவைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று வருகிற வரிதான் உறுத்துகிறது. நான் இருக்கும் டெ மொயின் நகரில் (அமெரிக்கா, அயோவா மாநிலம்) 1990களின் தொடக்கத்திலேயே அப்படி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் சோள வயல்களில் இருந்து நிலத்தடி வடிகுழாய் வழியாக நைட்ரேட், எங்களுக்குக் குடிநீர் தரும் ராக்கூன் ஆற்றுக்கு வரும். அகற்றும் பிரிவின் தொட்டிகளில் நிரப்பிய செயற்கைப் பிசின் (resin) மணிகள் அதைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் குளோரைடை விடும். சரி, மணிகள் நிரம்பியதும்? உப்புக்கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழிவு உப்புநீரை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. செலவுக்குப் பயந்து முழுத் தண்ணீரையும் அதில் விடுவதில்லை. ஒரு பங்கைச் சுத்தம் செய்து மீதியோடு கலந்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் (நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு) என்ற வரம்புக்குள் கொண்டுவருவார்கள். இத்தனை இருந்தும் 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் ஏறியபோது, அகற்றும் வேகம் தேவைக்கு ஈடுகொடுக்காமல், புல்தரைக்குத் தண்ணீர் விடவே தடை வந்தது. மழைக்காலம்தான், ஆற்றில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை! ஸ்பிரிங்க்ளர் டைமரை நானே போய் அணைத்தேன். ஆற்றின் மேற்பகுதியில் வயல் வடிகால்களை நிர்வகிக்கும் வடிகால் மாவட்டங்கள் மீது எங்கள் குடிநீர் நிறுவனம் 2015-ல் போட்ட வழக்கும் 2017-ல் தள்ளுபடியானது. அப்புறம், கொதிக்கவைத்தால் போதும் என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: நைட்ரேட் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நைட்ரேட் கைக்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து, அதனால் குழந்தைக்குப் பால் கலக்க அந்த யோசனையை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.