ட்ரெட்மில் மேல் நிறுத்தின விமானம் எழும்புமா?

எழும்பும். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று இதில் பஞ்சாயத்து பண்ண ஒன்றுமில்லை.

புதிர் பழசு. ஓடுபாதை முழுக்க ஒரு ராட்சத ட்ரெட்மில். விமானம் எவ்வளவு வேகத்தில் முன்னால் போகிறதோ அதே வேகத்தில் பட்டை பின்னால் ஓடும். விமானம் பறக்குமா, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டு கிடக்குமா? கிடக்கும் என்பவர்கள் ஒன்றும் விவரமில்லாதவர்கள் கிடையாது. விமானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு காரை நிறுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரையே பின்னால் ஓடினால் கார் நகராது, சரி. ஆனால் விமானத்தின் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கியர் கிடையாது, செயின் கிடையாது. பேரிங்கில் சும்மா உருளும், பிரேக் மட்டும் உண்டு. புரொப்பெல்லர் தள்ளுவது காற்றை. கீழே பட்டை எப்படி ஓடினாலும் காற்றுக்கு என்ன வந்தது?

வாயால் பேசினால் இது முடியாது, கணக்குப் போடுவோம். செஸ்னா 172எஸ் என்கிற நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 180 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 1,157 கிலோ. சுமார் 55 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 102 கி.மீ.யில் மூக்கைத் தூக்குவார்கள். கடல்மட்டத்தில் ஏறக்குறைய 290 மீட்டர் உருண்டால் தரையை விட்டுவிடும். நின்ற நிலையில் முழு த்ராட்டில் கொடுத்தால் உந்துவிசையை 2,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் நிற்பது டயரின் உருள் உராய்வு. தார்ப் பரப்பில் அது எடையில் சுமார் இரண்டு சதவீதம், 230 நியூட்டன்.

முன்னால் 2,000, பின்னால் 230. பட்டை செய்யக்கூடிய சேட்டையெல்லாம் அந்த 230க்குள்தான். உருள் உராய்வு வேகத்தோடு கொஞ்சம் ஏறும், உண்மைதான். இரண்டு மடங்காகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 460. மிஞ்சிப்போனால் ஐம்பது அறுபது மீட்டர் கூடுதலாக உருண்டுவிட்டு விமானம் கிளம்பிவிடும். அதுகூட அதிகம்தான். வேகம் ஏற ஏற இறக்கை எடையைத் தாங்கத் தொடங்கும், டயர் மேல் பாரம் குறையும், உராய்வும் அதோடு இறங்கும்.

ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில்லை மனதில் வைத்துக்கொண்டு யோசிப்பதால் வருகிற இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தச் சின்னப் பட்டையில் நின்றபடியே விமானம் செங்குத்தாக எழும்புமா என்றால், எழும்பாது. இறக்கைக்கு மேல் காற்று ஓட வேண்டும், அதற்கு விமானம் காற்றுக்குள் முன்னேறியாக வேண்டும். ஆக, செஸ்னாவுக்கு 290 மீட்டர் ஓடுபாதை வேண்டுமென்றால் ட்ரெட்மில்லும் குறைந்தது அதே நீளம் வேண்டும். "ட்ரெட்மில் போட்டால் விமான நிலையத்துக்கு நிலம் மிச்சமாகுமே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். ஒரு அடி கூட மிச்சமாகாது, கரண்ட் பில் மட்டும் வரும்.

2008 ஜனவரியில் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை நிஜமாகவே செய்து காட்டினார்கள். நீளமான தார்ப்பாய் மேல் ஒரு அல்ட்ராலைட் (மிக லேசான குட்டி) விமானம், தார்ப்பாயை எதிர்த்திசையில் ஒரு பிக்கப் டிரக் இழுக்கிறது. விமானம் சாதாரணமாக ஓடி மேலே போய்விட்டது. "தார்ப்பாயின் வேகமும் விமானத்தின் வேகமும் கச்சிதமாகப் பொருந்தவில்லை" என்று இன்றைக்கும் ஒரு கூட்டம் குறை சொல்கிறது. பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. தார்ப்பாயை இன்னும் இரண்டு மடங்கு வேகமாக இழுத்திருந்தாலும் விமானத்தின் மேல் படும் விசை பெரிதாக மாறியிருக்காது.

வாதத்தில் தோற்கப் போகிறவர்கள் கடைசியில் கேள்வியையே சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். "பட்டை விமானத்தின் வேகத்துக்கு ஈடாக ஓடாது, சக்கர விளிம்பின் வேகத்துக்கு ஈடாக ஓடும்." இது முற்றிலும் வேறு கேள்வி. சக்கரம் வழுக்காமல் உருண்டால், விளிம்பின் வேகம் என்பது விமானத்தின் வேகமும் பட்டையின் வேகமும் சேர்ந்தது. அது பட்டையின் வேகத்துக்கு மட்டும் சமம் என்று நிபந்தனை போட்டால், விமானத்தின் வேகம் பூஜ்யம் என்று கேள்வியிலேயே எழுதிவைத்ததாக அர்த்தம். விடையைக் கேள்விக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஜெயித்தேன் என்றால் எப்படி?

இருந்தாலும் அப்படி ஒரு பட்டையை யாராவது செய்தால் என்ன ஆகும் என்பது சுவாரசியமான கணக்கு. பட்டை சீரான வேகத்தில் ஓடினால் அந்த 230 நியூட்டனைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் 1,770 நியூட்டனைப் பிடித்து நிறுத்த ஒரே வழி, பட்டை ஒவ்வொரு கணமும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், சக்கரத்தின் சுழற்சி நிலைமத்தை, அதாவது சுழலும் வேகம் மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை, எதிர்த்துத் தள்ளுவது. மூன்று சக்கரமும் சேர்த்து 20 கிலோ என்று வைத்தால், சுழற்சிக் கணக்கில் அது சுமார் 12 கிலோவுக்குச் சமம். 1,770ஐ 12ஆல் வகுத்தால் 147. அதாவது பட்டையின் வேகம் ஒவ்வொரு நொடியும் மணிக்கு 530 கி.மீ. கூட வேண்டும். இரண்டேகால் நொடி தாண்டியதும் ஒலியின் வேகம்.

அதுவரை டயர் தாங்கினால்தானே! சிறு விமான டயர்களில் பலவற்றுக்கு மணிக்கு 120 மைல், 193 கி.மீ.தான் வரம்பு. அதை 0.36 நொடியில் தாண்டிவிடும். டயர் வெடித்து, பேரிங் இறுகி, சக்கரம் சுற்றாமல் போனால் அப்போதுதான் ஆட்டமே மாறும். வெறும் ரிம் பட்டையில் தேய்ந்தால் உராய்வுக் கெழு 0.5 (அதாவது உராய்வு எடையில் பாதி) என்று வைத்தாலும் 5,600 நியூட்டனுக்கு மேல் வரும். உந்துவிசையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். விமானம் பின்னால் இழுத்துச் செல்லப்படும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். சக்கரம் தடையில்லாமல் உருளும் வரைக்கும்தான் "பறக்கும்" என்ற பதில் செல்லும்.

இந்த டயர் விஷயத்தை யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் புதிரின் நல்ல பகுதி. முதல் கேள்வியிலேயே, விமானம் 102 கி.மீ. வேகம் எடுக்கும்போது சக்கரம் 204 கி.மீ.க்குச் சுற்றும். செஸ்னாவே வரம்பை லேசாகத் தாண்டிவிடுகிறது. போயிங் 737 போன்றதை எடுத்தால், தரையை விடும் வேகம் 140 நாட் என்று வைத்தாலும் சக்கரம் 280 நாட்டுக்குச் சுற்ற வேண்டும். அந்த வகை டயர்களுக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 225 மைல், சுமார் 195 நாட். இயற்பியல் பறக்கச் சொல்லும், டயர் விடாது. நிஜ விமானிகளுக்கும் இந்த வரம்பு உண்டு. 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே விமான நிலையத்தில் காற்று மெலிந்திருப்பதால், காக்பிட்டில் 140 நாட் காட்டும்போது உண்மையான வேகம் 165 நாட்டை ஒட்டி இருக்கும். பின்காற்றும் சேர்ந்தால் டயர் வரம்பைக் கணக்கில் எடுக்காமல் கிளம்ப முடியாது.

நம்பாதவர்கள் ஜிம்மிலேயே சோதிக்கலாம். தடையில்லாமல் உருளும் நாலு சக்கர வண்டி ஒன்று, மொத்தம் ஒரு கிலோ வருமாறு பாரம் வையுங்கள். முன்பக்கக் கம்பியில் ஒரு ஸ்பிரிங் தராசு, அதிலிருந்து நூலால் வண்டியைக் கட்டுங்கள். பட்டையை மணிக்கு 4, 8, 12 கி.மீ. என்று ஓட்டி ஒவ்வொரு முறையும் தராசைப் பாருங்கள். வேகம் மூன்று மடங்காகும், முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். நூல் பட்டைக்கு இணையாக, அச்சின் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்நோக்கிச் சாய்ந்தால் வண்டியின் பாரத்தை நூலே கொஞ்சம் தூக்கிவிடும், அளவு தப்பும். சக்கரங்கள் நேர்க்கோட்டில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்து ஓரத்தில் உரசும், உடனே முள் எகிறும். வேகத்தோடு எண்ணும் ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அச்சைத்தான், அதில் முடியோ நூலோ சுற்றியிருக்கும்.