‘குட் யூ’ (could you) தவறா?

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வேலை தேடும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஆங்கிலத்தில் ‘குட்’ (could) என்பது ‘கேன்’ (can) என்பதன் இறந்தகாலம் மட்டுமே, அதனால் ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்று கேட்பது தவறாம்.

இது உண்மையில்லை. இறந்தகாலத்துக்கும் ‘குட்’ வரும், சரி. ஆனால் ஒன்றைக் கேட்கும்போது அது காலத்தைக் காட்டுவதில்லை, பணிவைக் காட்டுகிறது. நாம் ‘கொஞ்சம் உதவ முடியுங்களா?’ என்று தணிந்து கேட்பதில்லையா, அப்படித்தான். இன்டர்வியூவில் கேள்வி புரியாவிட்டால் ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்று தயங்காமல் கேளுங்கள். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் மட்டும் ‘யெஸ், ஐ குட்’ வேண்டாம். ‘யெஸ், ஐ கேன்’ என்பதே சரி.

நிஜமாகவே திருத்த வேண்டியது ‘ஐ கேன் ஏபிள் டு கம்’. ‘கேன்’, ‘ஏபிள் டு’ இரண்டுக்கும் ஒரே பொருள். ‘ஐ கேன் கம்’ போதும்.