அடி வாங்கினால் கணக்கு தீருமா?

காலித் ஹொசைனியின் ‘தி கைட் ரன்னர்’ பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேரே அந்தச் சந்துக்குத்தான் போகிறார்கள். 1975 குளிர்காலம், காபூல். அமீருக்காக நீலப் பட்டத்தைத் துரத்திப் பிடித்த ஹசனை அசெஃபும் கூட்டாளிகளும் மடக்குகிறார்கள். அசெஃப் அவனைச் சீரழிக்கிறான். சந்து முனையில் நின்று பார்த்த அமீர் ஓடிவிடுகிறான். துரோகம் அங்கே நடந்தது, 2001இல் அதே அசெஃபிடம் குற்றுயிராகும் வரை அடி வாங்கினான், பாவம் தீர்ந்தது. இதுதான் வழக்கமான வாசிப்பு. இதில் தொடக்கமும் தப்பு, முடிவும் தப்பு என்பது என் கட்சி. (நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதை மொத்தமும் வெளியே வரப்போகிறது.)

முதலில் விளையாட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சதி அதன் விதிகளிலேயே இருக்கிறது. மாஞ்சா பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காபூல் பையன்களும் அதைத்தான் செய்கிறார்கள்: கண்ணாடித் தூளும் பசையும் கலந்த கலவைக்குள் 500 அடி வரை நூலை ஓடவிட்டு, மரங்களுக்கு இடையில் கட்டிக் காயவைக்கிறார்கள். பட்டம் விடுபவன் ஒருவன், நூல் சுற்று பிடிப்பவன் இன்னொருவன். எல்லாப் பட்டங்களையும் அறுத்துவிட்டு வானத்தில் மிஞ்சுபவன் ஜெயித்தவன். ஆனால் கடைசியாக அறுந்த பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அது கௌரவம். விடுபவன் முதலாளி மகன் அமீர், சுற்று பிடித்துவிட்டுத் துரத்தி ஓடுபவன் வேலைக்காரர் மகன் ஹசன். ஒருவன் பேர் வாங்க, இன்னொருவன் தனியாகத் தெருத்தெருவாக ஓடியாக வேண்டும். ஹசனைச் சந்துக்குள் தனியாகக் கொண்டுபோய் நிறுத்தியது இந்த ஏற்பாடுதான். கதைக்குத் தேவையான சமூகப் பின்னணியை விளக்கவுரையாகக் கொட்டாமல் ஒரு விளையாட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பது சாதாரணத் திறமை இல்லை.

சந்தில் நின்ற பையனுக்கு 12 வயது. பயந்தான். அப்பாவிடம் காட்ட அந்தப் பட்டமும் வேண்டியிருந்தது. ‘வெறும் ஹஸாராதானே’ (பஷ்தூன்கள் தாழ்வாக நடத்தும் ஆப்கான் சிறுபான்மை இனம்) என்ற நினைப்பும் மனசுக்குள் எட்டிப் பார்த்தது. மூன்றையும் அவனே ஒப்புக்கொள்கிறான். என்றாலும் அந்த வயதுப் பயத்துக்கு மன்னிப்பு உண்டு என்றே நினைக்கிறேன். அடுத்த கோடைக்குள் அவன் செய்கிற காரியங்களுக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இது தெளிவாகத் தெரியும். முதலில் ஹசன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒதுங்குகிறான். பிறகு, துலிப் கிழங்கு நட்டுக்கொண்டிருக்கும் தன் அப்பா பாபாவிடம் போய், புது வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளலாமா என்று ஆழம் பார்க்கிறான். 40 வருஷமாகக் கூடவே இருக்கும் அலியை, ஹசனின் அப்பாவை, அனுப்புவதா என்று பாபா சீறி விழுகிறார். அந்த வழி அடைபட்டதும், குன்றின் மேல் வைத்து ஹசன் மீது மாதுளைகளை விட்டெறிந்து, திருப்பி அடி, அடி என்று கத்துகிறான். ஹசன் ஒரு மாதுளையை எடுத்துத் தன் நெற்றியிலேயே மோதி உடைத்துக்கொண்டு, இப்போது திருப்தியா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறான்.

இந்த மாதுளைக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமீர் கேட்பது மன்னிப்பை இல்லை, தண்டனையை. அதுவும் ஹசனுக்கு நியாயம் கிடைப்பதற்காக இல்லை, தான் நிம்மதியாகத் தூங்குவதற்காக.

தண்டனை கிடைக்கவில்லை. 13ஆவது பிறந்தநாள் வருகிறது. பாபா கைக்கடிகாரம் தருகிறார். அலியும் ஹசனும் பாரசீகக் காவியமான ஷாநாமாவைப் புத்தம்புதிதாகத் தருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஹசனுக்கு அமீர் படித்துக்காட்டிய நூல் அது. மறுநாளே கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் எடுத்துப்போய் ஹசனின் மெத்தைக்கடியில் செருகுகிறான். அரை மணி நேரம் காத்திருக்கிறான். அப்புறம்தான் அப்பாவின் கதவைத் தட்டுகிறான். எனக்கு அந்த அரை மணி நேரம்தான் முக்கியம். சந்தில் யோசிக்க அவகாசம் இல்லை, இங்கே இருந்தது. எழுந்து போய்த் திரும்ப எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. நீ திருடினாயா என்று பாபா கேட்டதும் ஹசன் ‘ஆமாம்’ என்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அமீருக்கு அப்போதுதான் உறைக்கிறது. திருட்டைத் தவிர வேறு பாவமே இல்லை என்று போதித்த பாபா, அந்த இடத்திலேயே மன்னித்துவிடுகிறார். அலிதான் இனி இங்கே இருக்க முடியாது என்று மகனை அழைத்துக்கொண்டு போகிறார்.

பாபா ஏன் மன்னித்தார் என்பது 17ஆம் அத்தியாயத்தில் பெஷாவரில் பாபாவின் நண்பர் ரஹீம் கான் வாயால் வருகிறது: ஹசன் பாபாவுக்குப் பிறந்தவன். நாவலின் பெரிய சறுக்கல் இதுதான் என்பேன். பாபாவின் வரவுசெலவு நேராகிறது, அது உண்மை. மகனிடம் திருட்டைப் பற்றிப் பேசியவரே அலியிடம் திருடியிருக்கிறார். ஆனால் அமீரின் கடன் அந்த இடத்தில் சின்னதாகிவிடுகிறது. செத்துப்போன ஹசனின் மகன் சொராபைக் காபூலிலிருந்து மீட்டுவரச் சொல்கிறார் ரஹீம் கான். கூட வளர்ந்த ஹஸாரா பையன் என்ற ஒன்றே, அமெரிக்காவில் குடியேறிவிட்ட அமீரை அங்கே அனுப்பப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ரத்த உறவு என்று தெரிந்த பிறகு போவது குடும்பக் கடமை. நம் சினிமாவில் கடைசி ரீலில் தழும்பைக் காட்டி அண்ணன் தம்பி சேருவதைக் கிண்டல் செய்துவிட்டு, இதற்கு மட்டும் கைதட்டுவதில் நியாயம் இல்லை. போதாக்குறைக்கு, காபூலில் இருக்கும் அத்தனை தாலிபான்களில் சொராபை வைத்திருப்பது சரியாக அதே அசெஃப்.

இப்போது 22ஆம் அத்தியாயத்துச் சண்டை. விலா எலும்பு முறிகிறது, மண்ணீரல் கிழிகிறது, மேலுதடு நடுவே பிளக்கிறது. ஹசனின் பிறவியிலேயே பிளவுபட்ட உதடு இப்போது அமீருக்கு. அடி விழ விழ அமீர் சிரிக்கிறான், குணமாகிவிட்டதாக உணர்கிறான். அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வருவது எது? மாதுளைக் குன்று. ஆக, 13 வயதை எட்டாத பையன் கேட்ட அதே தண்டனை நாற்பதை நெருங்குகிறவனுக்குத் தாமதமாகக் கிடைத்திருக்கிறது. இதனால் ஹசனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அவன் தெருவில் சுடப்பட்டுச் செத்தாயிற்று. அவன் மகன் சொராப்தான் கவணில் பித்தளைக் குண்டை வைத்து அசெஃபின் கண்ணைத் தாக்கி அமீரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்ற வந்தவனைக் காப்பாற்றும் வேலையும் மறுபடி ஹசன் வீட்டாருக்கே!

‘குணமாகிவிட்டது’ என்பது அமீரின் கூற்று. ஆசிரியரும் அதை நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டால் 24ஆம் அத்தியாயத்துக்கு அர்த்தமே இல்லை. இஸ்லாமாபாதில் அமெரிக்கத் தூதரகத்தில் தத்தெடுப்புக்கு வழியில்லை என்கிறார்கள், பெற்றோரின் இறப்புக்கு ஒரு காகிதம்கூட இல்லை. அநாதை இல்லத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அமீர், வக்கீல் சொன்ன யோசனையைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் மட்டும் அங்கே இருக்க முடியுமா என்று அந்தப் பையனிடமே கேட்கிறான். அன்று இரவே சொராப் உயிரை விடத் துணிகிறான். பிழைத்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் பேசுவதில்லை. அடி வாங்கிப் புனிதமாகிவிட்ட மனிதன், சிறிது காலத்திலேயே அதே வீட்டுப் பிள்ளைக்கு மறுபடி வாக்குத் தவறுகிறான். 2007இல் வந்த படம் இந்தப் பகுதியை விட்டுவிட்டது. விட்டதும் சண்டைக் காட்சியே மீட்சியாகிவிட்டது. படம் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மீட்சி என்று ஒன்று இருந்தால் அது வேறு தடத்தில் நடக்கிறது. 12ஆம் அத்தியாயத்தில், கல்யாணத்துக்கு முன்பே, அமீரின் வருங்கால மனைவி சொராயா தன் பழைய விஷயத்தை, 18 வயதில் ஒருவனோடு ஓடிப்போய் வாழ்ந்ததை, தானாகவே சொல்லிவிடுகிறாள். அமீருக்கு அவள் மேல் பொறாமை வருகிறது. அவள் ரகசியம் வெளியே வந்துவிட்டதே! தானும் சொல்ல வாயெடுத்து விழுங்கிவிடுகிறான். அந்தக் கல்யாண வாழ்க்கை முழுக்க விழுங்கியே வைத்திருக்கிறான். பாகிஸ்தானில் இருந்து தொலைபேசியில்தான் முதல்முறையாக எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிறான்.

அதைவிடக் கடினமானது கலிஃபோர்னியாவில் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. சண்டைக் காட்சிக்குக் கிடைத்த பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்ததில்லை. மாமனார் ஜெனரல் தாஹெரி, பரம்பரைப் பெருமை பேசும் பஷ்தூன், வீட்டில் எதற்கு ஒரு ஹஸாரா பையன், ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்கிறார். பாபா தன் வேலைக்காரரின் மனைவியோடு படுத்தார், அதில் பிறந்தவன் ஹசன், அவன் மகன்தான் இவன் என்று அமீர் பதில் சொல்கிறான். இனி என் முன்னால் இவனை ‘ஹஸாரா பையன்’ என்று சொல்லாதீர்கள், இவனுக்குப் பெயர் இருக்கிறது, சொராப் என்கிறான். இத்தனைக்கும் அப்பாவின் பாசத்தை வாங்கவும்தான் இவன் அன்று சந்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். யாருக்காகப் பட்டத்தைக் கொண்டுபோனானோ அவருடைய மானத்தையே மாமனார் முன்னால் எடுத்து வைக்கிறான். இங்கே அடி இல்லை, ரத்தம் இல்லை. இந்த முறை ஹசன் வீட்டார் யாரும் எதையும் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை.