தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள்

கடலோரத் தாழ்நிலத்தில் ஒரு கட்டுமானத் திட்டம் வந்தால் வெள்ளம் வருமா என்று கேட்கிறோம், அலையாத்திக் காடு அழியுமா என்று கேட்கிறோம். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் காலடியில் இருப்பது அமில சல்பேட் மண்ணா என்று யாரும் கேட்பதில்லை. அதில் எனக்குக் கடும் கோபம் உண்டு.

கடல்நீரின் சல்பேட், சேற்றிலுள்ள இரும்பு, மக்கிய இலைதழை, காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா. இவை கூடி பைரைட் என்ற இரும்பு சல்பைடை உண்டாக்குகின்றன. கடைசிப் பனியுகத்துக்குப் பின் கடல் ஏறி வந்த காலத்தில் கழிமுகங்களிலும் சதுப்புகளிலும் படிந்த சேற்றில் இது ஏராளம். அந்தச் சேறுதான் அமில சல்பேட் மண். தண்ணீருக்குள் கிடக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிறது. ஒரு டன் பைரைட் முழுக்க ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஏறத்தாழ 1.6 டன் கந்தக அமிலம்! அது களிமண்ணில் இருக்கும் அலுமினியத்தைக் கரைத்து, மழையோடு வாய்க்காலில் இறங்கி, மீன்களின் செவுளைத் தாக்குகிறது. 1987-இல் ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றில் பெருமளவில் மீன்கள் செத்தது இப்படித்தான். கேரளத்தின் குட்டநாட்டிலுள்ள கரிமண் நிலங்களில் பயிரிடுவோர் சுண்ணாம்பிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, காலங்காலமாக இதே அமிலத்தோடு போராடுகிறார்கள்.

தோண்டுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நீர் இறைப்பு. அடித்தளம் போட, நிலத்தடி வாகன நிறுத்தம் கட்ட, மாதக்கணக்கில் பம்பு ஓடுகிறது. குழி ஒரு மனைக்குள் அடங்கிவிடும், நீர்மட்டம் இறங்குவது வேலியோடு நிற்காது. பக்கத்து நிலத்தில் மண்வெட்டியே படாமல் அங்கேயும் அமிலம் உருவாகிறது. ஆழமாக வெட்டிய வடிகாலும் இதையே செய்யும், அதுவும் ஆண்டு முழுக்க. பாதிக்கப்படுபவர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வலை வீசுபவர். அவருக்கும் அந்தத் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வீடு வாங்கியவரும் தப்புவதில்லை, இந்த அமிலமும் சல்பேட்டும் கான்கிரீட்டையும் இரும்பையும் அரிக்கும்.

"சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். வெளியே எடுத்த மண்ணுக்கு அது உதவும். அதற்கும் ஒரு டன் பைரைட்டுக்குச் சுமார் 1.7 டன் சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும், நடைமுறையில் அதைப்போல் ஒன்றரை மடங்கு. நன்றாகக் கலக்கவும் வேண்டும். மேலே தூவிவிட்டுப் போனால் தூளின்மேல் இரும்பும் ஜிப்சமும் படிந்து அதன் வேலை நின்றுவிடும். வேலிக்கு அப்பால், ஆழத்தில் காய்ந்துபோன மண்ணில் எப்படிக் கலப்பீர்கள்?

வழக்கமான மண் பரிசோதனை இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது. ஈரமாக இருக்கையில் இந்த மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்) 7-ஐ ஒட்டியே இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்க்க வேண்டும். அது பொங்கி, பிஎச் 3-க்குக் கீழே சரிந்தால் உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தோண்டப்போகும் ஆழத்துக்கு மேலும் ஒரு மீட்டர் கீழே வரை மாதிரி எடுப்பது அவசியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2002-இல் வந்த திட்டமிடல் கொள்கை, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்குள் உள்ள நிலத்தில் 100 கன மீட்டர் மண் தோண்டினாலே இதைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. அந்த மாநிலத்துக்கு அனுபவம் உண்டு. கெய்ன்ஸ் நகரத்துக்கு எதிரே ஈஸ்ட் டிரினிட்டியில் 1970-களில் கரும்புக்காக அணை கட்டி அலையைத் தடுத்தார்கள். நிலம் காய்ந்து ஓடைகள் அமிலமாயின. பிறகு அரசே நிலத்தை வாங்கி, சுண்ணாம்பின் துணையோடு கடல்நீரை மறுபடி உள்ளே விட்டது. அலையாத்தி திரும்பி வந்தது.

ஆகவே என் நிலைப்பாடு இது. பைரைட் இருக்கும் இடத்தில் முதல் தெரிவு அங்கே தோண்டாமல் விடுவதுதான். தவிர்க்கவே முடியாவிட்டால், நீர்மட்டம் எவ்வளவு இறங்கலாம் என்ற வரம்பு அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும், வேலிக்கு வெளியே கண்காணிப்புக் குழாய்களும் வேண்டும். சோதனைச் செலவை லாபம் பார்ப்பவர் ஏற்க வேண்டும். ஒரு வைப்புத்தொகையையும் அவர் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் அதைத் திருப்பித் தரக்கூடாது, சில மழைக்காலங்கள் கடந்து வாய்க்கால் நீரின் பிஎச் சரியாக இருந்தால் மட்டுமே தரலாம்.