பாட்டில் எறிந்தவரும் கம்பிவேலியும்

கால்பந்து ரசிகர்களின் அத்துமீறலை 'ஆர்வக்கோளாறு' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு எப்போதும் உடன்பாடு இருந்ததில்லை. 2021 நவம்பரில் பிரான்சின் லியோன் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்த நிலையில், கார்னர் (களத்தின் மூலையிலிருந்து உதைக்கும் பந்து) அடிக்கப் போன மார்செய் அணியின் திமித்ரி பாயேயின் தலையில், பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த தண்ணீர் பாட்டில் பட்டது. அவர் அந்த இடத்திலேயே சாய்ந்தார். மூன்று மாதங்களுக்கு முன்பு நீஸ் நகரிலும் அவர்மீது பாட்டில் எறியப்பட்டிருந்தது. அன்று அவர் அதைத் திருப்பி எறிந்தார் என்பதையும், அது தவறு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும், கார்னர் அடிக்க வருகிறவர் முதுகைப் பார்வையாளர்களுக்குக் காட்டித்தான் நின்றாக வேண்டும். அந்த முதுகைக் குறிபார்ப்பதில் என்ன ஆர்வம் இருக்கிறது?

இருந்தாலும், இந்தக் கோபத்தில் ரசிகர்கள் எல்லோரையுமே ரௌடிகளாகப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ரசிகர்களைக் கண்டு அஞ்சக் காரணம் இல்லாமல் இல்லை: 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்கள் சிலர் எதிரணி ரசிகர்கள் பக்கம் பாய்ந்ததில் ஏற்பட்ட நெரிசலிலும் சுவர் சரிந்ததிலும் 39 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் இங்கிலாந்து மைதானங்களில் ஏற்கெனவே உயரமான கம்பிவேலிகள் நின்றன. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் அந்த வேலியோடு நசுங்கியவர்கள் மூச்சுக்காக மேலே ஏறியபோது, களத்தில் கலாட்டா செய்ய வருகிறார்கள் என்றே காவலர்கள் முதலில் எண்ணினார்கள். விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து, அவற்றையே ஸ்ட்ரெச்சராக்கிக் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் சக ரசிகர்கள்தாம். 97 உயிர்கள் போயின. ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமல்ல என்று மரண விசாரணையின் ஜூரி குழு சொல்வதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தோனேசியாவின் கஞ்சுருகான் மைதானத்தில் 2022 அக்டோபரில் நடந்தது இன்னும் கொடுமை. சொந்த அணி தோற்ற ஆத்திரத்தில் களத்தில் இறங்கியவர்கள் வேறு. இருக்கையிலேயே இருந்தவர்கள் வேறு. காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் பார்வையாளர் பகுதியை நோக்கியும் சுட்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையை அனுமதிப்பதில்லை. வெளியேறும் வாசல்களில் நெரிந்தும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள் 135 பேர். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

ஆகவே, தண்டனை ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பதே என் கருத்து. லியோனில் பாட்டில் எறிந்தவரை அடையாளம் கண்டு, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனையும் ஐந்தாண்டு மைதானத் தடையும் விதித்தார்கள். இங்கிலாந்திலும் குற்றம் செய்தவருக்கு மட்டும் பொருந்தும் தடையாணை இருக்கிறது; அது பத்தாண்டு வரை நீளலாம், வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும். அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் வேலியில்லாமல் ஆட்டம் பார்க்கட்டும்.