கால் நடுங்கினா படிக்காதவங்களா?

அந்த வீடியோவை நான் மறுபடி இங்கே போடப் போறதில்லை. எல்லாரும் பார்த்தாச்சு, சிரிச்சாச்சு. மால்ல விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டி பொய்க் காட்சியை நிஜம் மாதிரி காட்டுற கருவி, அதை மாட்டிக்கிட்டு, தரையில கிடந்த பலகை மேல ரெண்டடி வச்சதும் ஏதோ உயரத்துல நிக்கிற மாதிரி அலறி உட்கார்ந்துட்ட அக்காவைத்தான் சொல்றேன். "பட்டிக்காடு", "ஸ்கிரீன்னுகூடத் தெரியல"ன்னு எத்தனை கமெண்ட்!

தெரியாமலா? காசு கொடுத்து, வரிசையில நின்னு மாட்டினவங்களுக்கு அது பொம்மைன்னு தெரியாதா? நல்லாவே தெரியும். தெரிஞ்சாலும் உடம்பு பயப்படும். விஷயமே அதுதான்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல மெல் ஸ்லேட்டர் குழு 2006-ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் வரைஞ்ச ஒரு பெண்ணுக்கு, தப்பா பதில் சொன்னா ஷாக் கொடுக்கணும். பெண்ணும் பொய், ஷாக்கும் பொய்னு வந்தவங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அவ துடிக்கிறதைக் கண்ணால பார்த்தவங்களுக்குப் படபடப்பு ஏறிச்சு. அவங்களும் பட்டிக்காடா சார்?

அமெரிக்காவில வட கரோலினா பல்கலைக்கழகத்துல விஆர் ஹெட்செட்டுக்குள்ள ஒரு பள்ளம் காட்டினாங்க. இதயத் துடிப்பு எகிறிச்சு. காலடியில ஒன்றரை அங்குல நிஜக் கட்டையை வச்சதும் இன்னும் எகிறிச்சு. மால்காரன் சும்மாவா தரையில பலகை போட்டு வச்சிருக்கான்? தலை திரும்பினா காட்சியும் திரும்புது, கால்ல விளிம்பு தட்டுது. இதுக்கு மேல மூளைக்கு என்ன சாட்சி வேணும்?

எங்க மாமா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்க்கை பூரா கம்பம் ஏறினவர். அதே மாதிரி பலகையில நின்னு, என் சட்டையைக் கொத்தா பிடிச்சுக்கிட்டு, "தரைதான்னு தெரியுதுடா, கால் வரமாட்டேங்குது"ன்னார். யாரும் வீடியோ எடுக்கல. ஆம்பளை பாருங்க.

"எனக்கு ஒண்ணுமே ஆகலையே"ம்பீங்க. சரி, ஆளுக்கு ஆள் மாறும். அதுக்கு மெடல் எதுவும் கிடையாது. "ஜாலிக்குச் சிரிச்சா என்ன தப்பு"ன்னும் வருவீங்க. சிரிங்க, நானும் சிரிப்பேன். அவங்க எழுந்து தானா சிரிச்ச பிறகு. உயரத்தைக் கண்டு பயப்படுறவங்களுக்கு 1995-லயே இதே விஆரை வச்சு சிகிச்சை கொடுத்துப் பார்த்துப் பலனும் கண்டாங்க. உடம்பு நம்பலைன்னா அந்த வைத்தியமே வேலை செய்யாது. அங்கே அதுக்குப் பேரு சிகிச்சை. இங்கே ஒரு அம்மா பயந்தா மீம்.

அதுவும் படம் எடுத்தது வெளியாள் இல்ல. பின்னாடி "அம்மா, அம்மா"ன்னு சிரிக்கிற குரல் கேட்குதே, பெத்த பிள்ளை. கீழே உட்கார்ந்துட்டவங்களைத் தூக்கக் கை வரல, ஜூம் பண்ண மட்டும் வருது.

ஷேர் பண்ணவங்க எடுத்துடுங்க. குடும்ப குரூப்ல மூணு சிரிப்பு எமோஜியோட போட்ட சித்தப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.